பலூன் மேல் ஒரு கூபே

நாஞ்சில் சக்கரங்கள் – 23

இரவுப் பயணத்துக்காக நாகர்கோவிலில் காத்து நிற்கும் ஆம்னி பஸ்களை மத்தியான வேளையில் பார்த்தால், அவற்றில் ஒன்றிரண்டு ஒரு பக்கமாகச் சரிந்து நிற்பது தெரியும். பெரும்பாலும் பெரிய பழுதெல்லாம் இருக்காது. டிரைவர் ஏறி எஞ்சினைப் போட்டுவிட்டு, டேங்கில் காற்று ஏறுவதற்காகக் கொஞ்ச நேரம் பொறுத்திருப்பார். சில நிமிடங்களில் அத்தனை பெரிய வண்டி சத்தமில்லாமல் நிமிர்ந்து நேராகும். சக்கரத்துக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கும் ரப்பர் உறைகளில் காற்று நிறைந்ததும் நடக்கிற காரியம் அது.

பஸ் பட்டறைகளில் அந்த உறைக்குப் பெயர் 'பலூன்'. புத்தகங்களில் ஏர் ஸ்பிரிங், ஏர் பெல்லோஸ் என்றெல்லாம் இருக்கும். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1953-லேயே தொலைதூரப் பஸ்களில் இதைப் பொருத்திவிட்டது. நம் பக்கம் வோல்வோவின் பி7ஆர் 2001-ல் இந்தியாவுக்கு வந்த பிறகுதான் இது பரவலாயிற்று. அதுவரை பட்டை ஸ்பிரிங்கின் குலுக்கலில் முதுகு நொந்து சென்னை போய்ச் சேர்ந்தவர்கள், 'ஏர் பஸ்ஸா, பட்டை பஸ்ஸா' என்று கேட்டு டிக்கெட் எடுக்கத் தொடங்கினார்கள். எழுநூறு கிலோமீட்டர் பயணத்தில் அந்தக் கேள்விக்குப் பெரிய அர்த்தம் உண்டு.

அதே பலூனை, இரண்டே கதவுள்ள தாழ்ந்த கூரை கொண்ட ஸ்போர்ட்ஸ் கூபேக்குள் வைக்க ஆசைப்படுகிறவர்களைப் பற்றியது இந்த வாரம். டிஎன் 74, டிஎன் 75 என்று எண் பலகை மாட்டிய கார்களுக்குள் கூபே வகை வெகு குறைவு. ஆனால் அந்த ஆசை குறைவல்ல. கோட்டாற்றிலிருந்து களியக்காவிளை வரை, செல்போனில் கார் படம் பார்க்கும் எந்தப் பையனைக் கேட்டாலும் அந்த ஒரு நிலையைத்தான் காட்டுவான். கார் வயிறு தரையைத் தொட, சக்கரங்களின் மேல் விளிம்பு பக்கத் தகட்டுக்குள் பாதி மறைந்து, மணலில் பதிந்து கிடக்கும் நண்டு மாதிரி ஒரு கிடப்பு. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஸ்டான்ஸ்'.

கூபே என்பது பிரெஞ்சுச் சொல். பொருள், வெட்டப்பட்டது. குதிரை வண்டிக் காலத்தில் எதிரெதிர் இருக்கைகளில் ஒன்றை வெட்டி நீக்கிக் குறுக்கிய வண்டிக்கு அந்தப் பெயர் வந்தது. பின்னால் காருக்கும் தங்கிவிட்டது. குடும்பத்துக்கு ஆகாத வண்டி இது. பின்னிருக்கையில் பெரியவர்கள் உட்கார முடியாது. வளைகுடாவிலிருந்து வரும் அண்ணனைத் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் ஏற்றினால் அவருடைய பெட்டிகளில் ஒன்று மடியில்தான் வரும். அத்தனையும் தெரிந்துதான் விரும்புகிறார்கள். அதன் கோடு அப்படி. முன் மூக்கிலிருந்து கூரை வழியாகப் பின்முனை வரை ஒரே இழுப்பில் இறங்கும் அந்தக் கோடு, தரையை நெருங்க நெருங்கத்தான் முழுமையாகும்.

தரையை நெருங்க வைப்பதற்கு ஒரு மலிவான வழி இருக்கிறது. அதைத்தான் முதலில் பேச வேண்டும், ஏனென்றால் உயிரை வாங்கக்கூடிய வழி அது. ஸ்பிரிங்கைக் கழற்றிக் கிரைண்டரில் ஒன்றரைச் சுற்றை அறுத்துவிட்டுத் திரும்ப மாட்டுவது. அரை நாளில் முடியும் வேலை. வண்டி இறங்கிவிடும், ஃபோட்டோவும் நன்றாக வரும். ஆனால் சுற்று குறைந்தால் ஸ்பிரிங் இறுகும், மீதமிருக்கும் சுற்றுகள் முன்னைவிடக் கடினமாகிவிடும். ஷாக் அப்சார்பரோ பழைய உயரத்துக்கென்று செய்தது. அதன் தண்டு ஒவ்வொரு குழியிலும் அடிமுட்டும். இதைவிட மோசம், வண்டி ஒரு மேட்டில் துள்ளிச் சக்கரம் கீழே தொங்கும் கணத்தில், நீளம் குறைந்த ஸ்பிரிங் தன் இருப்பிடத்தை விட்டு நழுவக்கூடும். சக்கரம் மறுபடி தரையைத் தொடும்போது அது சரியாக வந்து உட்காருமா என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. அறுத்த ஸ்பிரிங்கோடு ஓடும் ஒரு காரும் இந்த மாவட்டத்தில் இருக்கக் கூடாது.

பலூனின் கணக்கு வேறு. நான்கு சக்கரத்திலும் கம்பிச் சுருளை எடுத்துவிட்டு ரப்பர் உறை. டிக்கிக்குள் 12 வோல்ட்டில் ஓடும் சிறு கம்ப்ரசர், பத்திலிருந்து இருபது லிட்டர் வரை கொள்ளும் ஒரு டேங்க். டேங்கில் காற்று 150 முதல் 200 பிஎஸ்ஐ வரை அழுத்தி நிரம்பியிருக்கும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 32 பிஎஸ்ஐ சுற்றுவட்டம்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் வேகம் புரியும். டேங்கிலிருந்து ஒவ்வொரு பலூனுக்கும் தனித்தனிக் குழாய், தனித்தனி வால்வு. பொத்தானை அழுத்தினால் காற்று உள்ளே போய் வண்டி எழும். இன்னொன்றை அழுத்தினால் காற்று வெளியேறி வண்டி படுக்கும். நிறுத்தும்போது தரையில், ஓட்டும்போது சாதாரண உயரத்தில். கம்பிச் சுருளால் தர முடியாத சௌகரியம் இது.

இதற்குள் இன்னொரு நல்ல குணம் இருக்கிறது. கம்பிச் சுருளின் கடினம் மாறாதது. ஒருவர் ஏறினாலும் நால்வர் ஏறினாலும் அது அதேதான், ஆகவே ஆள் கூடினால் வண்டி அமுங்கும். பலூனில் பாரம் கூடினால் காற்றைக் கூட்டிப் பழைய உயரத்துக்கே கொண்டுவரலாம். அழுத்தம் கூடும்போது கடினமும் பாரத்தோடு சேர்ந்தே கூடும். அதனால் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டி ஆடும் தாளம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஆம்னி பஸ்ஸில் பாதி இருக்கை காலியாக இருக்கும் நாளிலும் தூக்கம் கெடாததற்குக் காரணம் இதுதான்.

இந்தப் பலூனின் தோலை நெருங்கிப் பார்த்தால் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. உள்ளே காற்றுக் கசியாத ஒரு படலம், நடுவே குறுக்கும் நெடுக்குமாக நைலான் அல்லது பாலியெஸ்டர் இழை, வெளியே வெயிலைத் தாங்கும் மேல்தோல். நெகிழ்ந்து நெகிழ்ந்து லட்சக்கணக்கான தடவை மடிந்தாலும் விரிசல் விடாத குணத்துக்காக இதில் இயற்கை ரப்பர் சேர்ப்பது உண்டு. எண்ணெயும் வெயிலும் படும் இடங்களுக்கு நியோப்ரீன். தமிழ்நாட்டில் ரப்பர் என்றாலே குலசேகரம், கீரிப்பாறை, களியல், அருமனைப் பக்கம்தான். அரசு ரப்பர் கழகம் என்று தனியாக ஒரு நிறுவனமே 1984-ல் இங்கே தொடங்கப்பட்டது. விடிவதற்கு முன் நெற்றி விளக்கோடு மரத்துக்கு மரம் போய் வெட்டு இறக்கி, சிரட்டையில் சொட்டிய பாலை வாளியில் சேர்த்து, அமிலம் விட்டு உறைய வைத்து, உருளையில் கொடுத்து ஷீட்டாக்கிப் புகையில் தொங்கவிடும் வேலையை மூன்று நான்கு தலைமுறையாகச் செய்துவரும் மண் இது. ஆனால் ஷீட்டாகவே அது மலையிறங்கிப் போய்விடுகிறது. இழையும் உலோக வளையமும் சேர்ந்து பலூனாகத் திரும்பி வரும்போது அதன் விலை ஷீட்டின் விலையோடு ஒப்பிடக்கூடியதாக இருப்பதில்லை. வெளிநாட்டில் நல்லதொரு முழுத் தொகுதி மூவாயிரம் டாலரை ஒட்டி வரும். கப்பல் கூலியும் சுங்கமும் அதற்கு மேல்.

பலூன் பொருத்திய காரை வைத்திருப்பவருக்கு இந்த மாவட்டத்தின் வானிலை ஒரு தனி வேலை வைக்கிறது. ஆனி ஆடியில் தென்மேற்கு மழை, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு மழை, இரண்டையும் வாங்கும் ஊர் இது. காற்றில் எப்போதும் ஈரம். கம்ப்ரசர் அந்தக் காற்றைப் பத்து மடங்குக்கு மேல் நெருக்கும்போது, அதிலிருக்கும் ஈரம் தண்ணீராகி டேங்கின் அடியில் தங்கும். அடித் திருகைத் திறந்து அதை அவ்வப்போது வெளியேற்றாவிட்டால், தண்ணீர் வால்வுக்குள் போகும், டேங்க் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். ஒரு இரவில் வண்டி ஒரு மூலை மட்டும் இறங்கிக் கிடந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிக்க இன்றுவரை சோப்புத் தண்ணீரைவிட நல்ல கருவி வரவில்லை. பஞ்சர் கடையில் செய்வது போலவே இணைப்புகளில் தடவி, குமிழி வரும் இடத்தைப் பார்க்க வேண்டும். ஓடும்போது ஒரு பலூன் முழுதாக வெடித்தால் அந்த மூலை சட்டென்று ரப்பர் கட்டையில் போய் உட்காரும், டயர் தகட்டில் உரசும். ஆகவே குழாயை எங்கே கட்டுகிறோம், எதன் மேல் உரசுகிறது என்று பார்த்துச் செய்வதில்தான் நல்ல மெக்கானிக்கின் கை தெரியும்.

பட்டறையில் வந்து நிற்கும் எந்தத் தாழ்ந்த காரையும் பார்த்து முதலில் வரும் கேள்வி, "மக்கா, ஸ்பீட் பிரேக்கர்ல அடி தட்டாதா டே?" என்பதுதான். நியாயமான கேள்வி. இந்திய சாலைக் காங்கிரஸின் ஐஆர்சி 99 வழிகாட்டி, வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது: 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கலாம். டொயோட்டா 86 போன்ற ஒரு கூபேயின் முன் பின் சக்கரங்களுக்கு இடைத்தூரம் 2.57 மீட்டர். அது அந்தத் தடையின் நடுவில் நிற்கும்போது சக்கரங்களும் மேட்டின் மேலேதான் இருக்கும். கணக்குப் போட்டால் வயிற்றுக்கடியில் 5 சென்டிமீட்டர் இடம் இருந்தாலே போதும். முன் பம்பரின் கீழ் உதட்டுக்கு 7 சென்டிமீட்டரைவிடக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். 12, 13 சென்டிமீட்டர் உயரத்தில் ஓடும் கூபேக்கு இது ஒரு பொருட்டே அல்ல.

சிக்கல் வழிகாட்டியில் இல்லை, வீதியில் இருக்கிறது. ஊருக்குள் ஒரு முழ அகலத்தில் தார்க்கலவையைக் கொட்டி மேடாக்கிய தடைகளில் சக்கரம் இறங்கிவிடும், மேடு அப்படியே வயிற்றுக்கு நேராக நிற்கும். 15 சென்டிமீட்டர் மேடென்றால் 15 சென்டிமீட்டர் இடைவெளியே வேண்டும். அந்த இடத்தில்தான் பலூன் கை கொடுக்கிறது. பொத்தானை அழுத்தி ஐந்தாறு சென்டிமீட்டர் தூக்கிக்கொண்டு மெல்லக் கடந்து, மறுபக்கம் இறங்கியதும் பழைய உயரம். அறுத்த ஸ்பிரிங்கில் இதற்கு வழியே கிடையாது.

இனி உடம்பு. பாடி ஸ்டைலிங் என்றால் முன் உதடு, பக்கப் பாவாடை, பின் டிஃப்யூசர், ஸ்பாய்லர், சக்கரத்தின் மேல் அகலப்படுத்திய ஃபெண்டர் என்று போகும். தொழிற்சாலைக் காரில் இவை நெகிழும் பிளாஸ்டிக்கில் வரும். ஒன்றிரண்டே செய்ய வேண்டுமென்றால் ஃபைபர்தான் வழி, கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் ரெசினும் சேர்ந்த பொருள். அந்தப் பொருளை நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கடலோரம் முழுக்க அதுதான் மிதக்கிறது.

கட்டுமரமும் மர வள்ளமும் ஆண்ட கரை இது. பெல்ஜியத்திலிருந்து வந்த பாதிரியார் பியர் ஜில்லே, முட்டத்தில் ஒட்டுப்பலகையில் படகு கட்டிப் பார்த்த முயற்சிகள் இந்தக் கரையின் மீன்பிடி வரலாற்றில் ஒரு முக்கியமான அத்தியாயம். மரம் கிடைப்பது அரிதாகி, 2004 டிசம்பர் 26 சுனாமி வள்ளங்களை அள்ளிக்கொண்டு போன பிறகு, நிவாரணமாக வந்தவற்றில் பெரும்பங்கு ஃபைபர் படகுகள். அவை உடையும்போது ஒட்டவும், தேயும்போது தடவவும் கரையிலேயே ஆட்கள் உருவானார்கள். மறுபக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாயில், முப்பந்தலைச் சுற்றிச் சுழலும் காற்றாலைகளின் இறக்கைகளும் கண்ணாடி இழைதான். கடலில் ஒன்று, கணவாயில் ஒன்று என்று ஃபைபருக்கு நடுவில்தான் இந்த மாவட்டம் வாழ்கிறது.

கடற்கரையோரத்தில் ஒரு ஃபைபர் கொட்டகைக்குள் நுழைந்தால் முதலில் மூக்கைப் பிடிப்பது ஸ்டைரீன் வாடை. அச்சின் உட்புறம் கண்ணாடி போலப் பளபளக்கும். அதன் மேல் மெழுகை நாலைந்து தடவை தேய்த்துத் துடைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் வார்ப்பு அச்சை விட்டு வராது. பிறகு ஜெல்கோட் என்னும் நிறப்பூச்சு. அது விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பக்குவம் வரைக் காத்திருந்து, மேட் எனப்படும் இழைப்பாயைக் கிழித்துக் கிழித்துப் பரப்ப வேண்டும். கத்தரித்தால் ஓரம் தடித்து நிற்கும், கிழித்தால் ஒன்றோடொன்று சேரும். ரெசினில் முதலில் ஆக்ஸிலரேட்டரைக் கலக்குவார்கள். கடைசியாகத்தான் கேட்டலிஸ்ட். இந்த இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்த்தால் தீப்பற்றி வெடிக்கும் என்பது அங்கே முதல் நாள் வரும் பையனுக்குச் சொல்லப்படும் முதல் பாடம். கலந்த பின் கையில் இருப்பது சில நிமிடங்கள்தான். தூரிகையால் ரெசினை ஊட்டி, பல்லுருளையால் உருட்டி உருட்டிக் காற்றுக் குமிழிகளை வெளியே தள்ள வேண்டும். ஒரு குமிழி உள்ளே தங்கிவிட்டால் நாளைக்கு அந்த இடத்தில்தான் விரிசல். பொருள் இறுகும்போது சூடேறும், கை வைத்தால் தெரியும். மறுநாள் அச்சிலிருந்து கழற்றும்போது வருகிற அந்தப் 'பட்' என்ற சத்தத்தைக் கேட்டாலே வேலை நன்றாக வந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள்.

வள்ளத்தின் அணியத்தில் வளைவைக் கொண்டுவரத் தெரிந்த கைக்குக் காரின் பம்பரில் கொண்டுவருவது கடினமல்ல. ஆனால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வள்ளம் கனமாக இருந்தால் பெரிய தோஷமில்லை. கார் உறுப்பு மெலிதாகவும் இருக்க வேண்டும், ஆணித்துளை ஒரு மில்லிமீட்டர்கூட விலகக் கூடாது, இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒத்திருக்க வேண்டும். ஜப்பானின் கியோட்டோவில் மியுரா கெய் இதற்காகக் காரை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்து, கணினியில் வரைந்து, அந்த வரைபடத்திலிருந்து அச்சைச் செதுக்குகிறார். ராக்கெட் பன்னி என்ற பெயரில் அவர் செய்யும் ஃபெண்டர்கள் உலகம் முழுக்க டொயோட்டா 86 கூபேக்களில் ஏறியிருப்பதற்கு அந்தத் துல்லியமே காரணம்.

அகல ஃபெண்டர் வைப்பதற்குக் காரின் அசல் தகட்டை வெட்ட வேண்டியிருக்கும். இந்த இடத்தில் அவசரப்பட்டவர்கள் பின்னால் வருந்துவார்கள். சக்கர வளைவில் வெளித்தகடும் உள்தகடும் ஒன்றாக மடிக்கப்பட்டிருக்கும். வெட்டினால் அந்த மடிப்புத் திறந்துகொள்ளும். திறந்த வாயைத் திரும்ப மூடி வெல்ட் வைத்து, துத்தநாக ப்ரைமர் அடித்து, சீலர் நிரப்பிய பிறகே மேலே ஃபைபர் ஏற வேண்டும். பட்டியைப் போட்டு மூடி, வாட்டர் பேப்பரில் தேய்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டால் அன்றைக்குக் கண்ணுக்குத் தெரியாது. கன்னியாகுமரியிலிருந்து நீரோடி வரை கடலை ஒட்டிக் கிடக்கும் மாவட்டத்தில் உப்புக்காற்று அந்த வாயைத் தேடி உள்ளே போகும். இரண்டே மழைக்காலத்தில் பெயிண்ட்டுக்கு அடியில் கொப்புளம் கிளம்பும்.

ஸ்பாய்லரைப் பற்றியும் ஒரு சொல். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவது. மணிக்கு 120 கிலோமீட்டரில் கிடைக்கும் அழுத்தத்தில் கால் பங்குதான் 60-ல் கிடைக்கும். மார்த்தாண்டம் மேம்பாலத்தில் போகிற வேகத்துக்குப் பின்னால் எத்தனை பெரிய இறக்கை வைத்தாலும் அது அழகுக்கு மட்டுமே. அழகுக்காக வைப்பதில் தவறில்லை, கனம் குறைவாகவும் கட்டு உறுதியாகவும் இருந்தால் சரி.

தாழ்த்துவதற்கும் சட்டத்துக்கும் உள்ள பழைய சண்டையில் சுவையான ஒரு பக்கம் கலிஃபோர்னியாவில் எழுதப்பட்டது. சக்கரத்தின் ரிம்முக்குக் கீழே காரின் எந்தப் பாகமும் இறங்கக் கூடாது என்று 1958-ல் அங்கே சட்டம் வந்தது. ரான் அகிரே என்பவர் தம் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரில் பழைய விமான உதிரிகளிலிருந்து எடுத்த ஹைட்ராலிக் பம்புகளைப் பொருத்தினார். போலீஸ் வந்தால் கார் எழும், போனதும் படுக்கும். எக்ஸ்-சோனிக் என்று பெயர் பெற்ற அந்தக் கார்தான் ஏறி இறங்கும் கார்களுக்கு முன்னோடி. அந்தத் தடையை 65 ஆண்டுக்கும் மேலான பின், 2024 ஜனவரி முதல் கலிஃபோர்னியா விலக்கிக்கொண்டது. பெரிய நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. 1957-ல் காடிலாக் தன் எல்டொராடோ பிரோமில் காற்று சஸ்பென்ஷன் வைத்தது. கசிவு தாளாமல் பலர் அதைக் கழற்றிக் கம்பிச் சுருளுக்கே திரும்பினார்கள். 1984-ஆம் ஆண்டு மாடலாக வந்த லிங்கன் மார்க் 7 கூபேயில் மின்னணுக் கட்டுப்பாடு சேர்ந்த பிறகே காற்று நம்பகமானதாயிற்று.

இந்தியாவில் கூபே கனவு அபூர்வமாகத்தான் சாலைக்கு வந்தது. கார்களுக்கு உடம்பு மாற்றுவதையே தொழிலாகக் கொண்ட டிசி நிறுவனம், 2012 டெல்லி கண்காட்சியில் அவந்தி என்ற இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காரைக் காட்டியது. நடுவில் ரெனோவின் 2 லிட்டர் டர்போ எஞ்சின், மேலே கலப்புப் பொருளில் வார்த்த உடம்பு. 2017-ல் ஜெனீவாவில் டாடா காட்டிய ரேசிமோ விற்பனைக்கே வரவில்லை. நமக்கு நெருக்கமான உதாரணம் கோயம்புத்தூரில் இருக்கிறது. மாருதி 800 எஞ்சினை வைத்துப் பந்தயக் கார் கட்டிய கரிவர்தனின் ஊர் அது. அங்குள்ள ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் டாடாவோடு சேர்ந்து 2018-ல் டியாகோ ஜேடிபி என்ற காரைக் கொண்டுவந்தது. தாழ்த்திய சஸ்பென்ஷன், மாற்றிய பம்பர், டர்போ எஞ்சின் என்று பட்டறைப் பையன்கள் ஆசைப்படுவதெல்லாம் அதில் இருந்தன. ஷோரூமில் வாங்கி, ஆர்டிஓ-விடம் தலை நிமிர்ந்து பதிவு செய்யலாம். சில நூறு பேருக்காவது அந்த வாய்ப்புக் கிடைத்தது பெரிய விஷயம். 2020-ல் அதுவும் நின்றுபோனது.

மற்றவர்களுக்குக் குறுக்கே நிற்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரத்திலிருந்து பதிவுச் சான்று மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். பக்கத்திலுள்ள கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில்தான் இது உறுதியானது. மாநில விதிகளுக்கு உட்பட்ட மாற்றங்களை அனுமதிக்கலாம் என்று கேரள உயர்நீதிமன்றம் சொல்லியிருந்ததை, 2019 ஜனவரி 9 அன்று நீதிபதிகள் அருண் மிஸ்ராவும் வினீத் சரணும் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு ரத்து செய்தது. ஒரு கார் மாடல் சோதனைச் சாலையில் தேர்வாகிச் சான்று பெற்றே விற்பனைக்கு வருகிறது, அதன் அடிப்படை அமைப்பை உரிமையாளர் மாற்ற முடியாது என்றது தீர்ப்பு. 'ஆர்.சி. புத்தகத்தில் சஸ்பென்ஷன் என்று ஒரு வரியே இல்லையே' என்று வாதாடும் இளைஞர்கள் இந்தத் தீர்ப்பைக் கொஞ்சம் படிக்க வேண்டும். அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்தது. 2021-ல் கண்ணூரில் வேனை மாற்றியமைத்து ஓட்டிய யூடியூப் சகோதரர்கள் மீது நடவடிக்கை பாய்ந்தபோது எல்லைக்கு இந்தப் பக்கமும் பல பட்டறைகளில் பேச்சு அதுவாகவே இருந்தது. காப்பீடும் இதில் சேரும். சொல்லாமல் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் இழப்பீட்டை மறுக்க நிறுவனத்துக்கு அதுவே காரணமாகலாம்.

சட்டத்தின் கவலையில் நியாயம் இருக்கிறது. அறுத்த ஸ்பிரிங்கும் பட்டியில் மூடிய வெட்டும் ஓட்டுபவரை மட்டுமா பாதிக்கும், எதிரே வருகிறவருக்கும் அதே ஆபத்து. ஆனால் ஒழுங்காகச் செய்த வேலையையும் ஒப்பேற்றிய வேலையையும் ஒரே தராசில் வைப்பது தவறு. ஜெர்மனியில் சஸ்பென்ஷனை மாற்றியவர் காரை டூஃப் சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பொறியாளர் தூக்கிப் பார்ப்பார், அளப்பார், ஓட்டிப் பார்ப்பார். தேறினால் என்ன பொருள், எவ்வளவு உயரம் என்பது பதிவுச் சான்றில் எழுதப்படும். தேறாவிட்டால் வண்டி ஓடாது. அந்தப் பயத்தினாலேயே அங்கே பட்டறைக்காரரின் கை திருந்தியிருக்கிறது. இங்கே சோதிக்க ஆளில்லாததால், வேலை இருட்டில் நடக்கிறது. இருட்டில் நடக்கும் வேலையில் யாரும் ப்ரைமருக்குச் செலவழிப்பதில்லை.

இதற்கான வாசல் நம் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. 2019 திருத்தம், வாகன மாற்றங்களுக்கும் பின்னால் பொருத்தும் உறுப்புகளுக்கும் தர அளவுகளையும் ஒப்புதல் முறையையும் மத்திய அரசு வகுக்கலாம், அப்படிச் செய்த மாற்றத்துக்காகத் தயாரிப்பாளர் வாரண்டியை ரத்து செய்ய முடியாது என்று தனி வரி சேர்த்தது. சிஎன்ஜி கிட்டுகள் ஏற்கெனவே தர அளவும் ஒப்புதலும் பெற்றே வண்டிகளில் ஏறுகின்றன. மாற்றுத்திறனாளிகள் தங்கள் காரைக் கைக்கட்டுப்பாட்டுக்கு மாற்றிக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. காற்று சஸ்பென்ஷனையும் ஃபைபர் உடம்பையும் அந்த வரிசையில் கொண்டுவரச் சோதனைக் கூடத்துக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை, ஒரகடத்தில் இருக்கிறது.

பலூன் ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் 2024 ஆகஸ்டில் சென்னையில் ஓடத் தொடங்கிய தாழ்தளப் பேருந்துகளைப் போய்ப் பார்க்கலாம். மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றம் வரை போய்ப் போராடிப் பெற்ற வண்டிகள் அவை. நிறுத்தத்தில் நின்றதும் டிரைவர் ஒரு பொத்தானை அழுத்துகிறார். நடைமேடைப் பக்கத்துப் பலூன்களிலிருந்து காற்று இறங்க, பேருந்து அந்தப் பக்கமாகத் தாழ்கிறது. சாய்தளம் விரிகிறது. சக்கர நாற்காலியில் இருப்பவர் ஏறி உள்ளே போனதும் பலூனில் காற்று ஏறி, பேருந்து மறுபடி நிமிர்ந்து கிளம்புகிறது.

(தொடரும்)